எட்டாம் எண் பஸ்ஸின் கடைசி நிறுத்தம்

அல் கோபாரில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு நாட்டின் எல்லை என்றால் அது இருபத்தைந்து கிலோமீட்டர் நீளம். கடல்மேல் போட்ட பாலம். ஒரு முனையில் சவுதி, மறுமுனையில் பஹ்ரைன், நடுவில் மண் கொட்டி உண்டாக்கிய ஒரு தீவு. பாலத்தில் ஏறும்போதே வண்டிக்கு இருபது ரியால் கட்ட வேண்டும். தீவுக்குள் போனதும் சவுதிக்காரர்களின் ஜன்னல். அங்கே வெளியேறும் முத்திரை. கொஞ்சம் தள்ளி பஹ்ரைன்காரர்களின் ஜன்னல். அங்கே நுழையும் முத்திரை. அதற்கப்புறம் பெட்டியைத் திறந்து பார்க்கிற கஸ்டம்ஸ். திரும்பி வரும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும். ஒருமுறை போய் வந்தால் பாஸ்போர்ட்டில் நான்கு முத்திரை விழும். பெருநாள் விடுமுறையில் மாட்டிக்கொண்டால் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். எல்லையைத் தெரியாமல் தாண்டிவிட்டேன் என்று எங்கள் பக்கத்தில் ஒருவன் சொன்னால், கடலைத் தெரியாமல் தாண்டிவிட்டேன் என்று சொன்னதற்குச் சமம்.

இதை முதலில் விளக்கிவிடுவது நல்லது. இல்லையென்றால் 2006 ஏப்ரலில் ஜெனீவாவில் நானும் என் மனைவியும் செய்த காரியம் முட்டாள்தனமாகத் தெரியும்.

நான் செல்வசிங். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் பம்புகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் டெக்னீசியன். கோபாரில் கம்பெனி கேம்ப்பில் நான்கு பேருக்கு ஒரு ரூம். என் மனைவி ஷாஜினி தம்மாமில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், நர்சுகளுக்கான ஹாஸ்டலில் இருந்தாள். இரண்டு இடத்துக்கும் இடையே இருபது கிலோமீட்டர். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் பார்த்துக்கொள்வோம். எங்கள் மகளுக்கு ஐந்து வயது. நாகர்கோவிலில் என் அக்கா வீட்டில் வளர்ந்தாள். மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க ஒரே வழிதான் எங்களுக்குத் தெரிந்தது. ஷாஜினிக்கு அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி வேலை தர ஒப்புக்கொண்டிருந்தது. முதலில் அவள், சில மாதம் கழித்து நானும் மகளும். மே மாதம் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: எந்த நாட்டிலாவது உங்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டதா, எங்கிருந்தாவது திருப்பி அனுப்பப்பட்டீர்களா? ‘ஆமாம்’ என்று எழுத நேர்ந்தவர்களில் விசா கிடைத்த ஒருவரைக்கூட எங்களுக்குத் தெரியாது.

ஏப்ரலில் கம்பெனி என்னைப் புதிய பம்புகளைப் பற்றிப் படித்துவர ஐந்து நாள் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பியது. வெள்ளிக்கிழமை பயிற்சி முடியும், திங்கட்கிழமை காலை ஜெனீவாவிலிருந்து விமானம். நடுவில் இரண்டு நாள் சும்மா கிடந்தது. ஷாஜினி விடுப்பு போட்டு, சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து வந்துவிட்டாள். இருவருக்கும் சுவிஸ் விசா. அந்த நாளில் சுவிட்சர்லாந்துக்கு ஒரு விசா, சுற்றியுள்ள நாடுகளுக்கு வேறு விசா. எங்கள் விசாவில் ‘எத்தனை முறை நுழையலாம்’ என்ற கட்டத்தில் ஒன்று என்று அச்சிட்டிருந்தது. ஒருமுறை வெளியே காலை வைத்தால் மறுபடி உள்ளே வர அந்த விசா செல்லாது.

ஜெனீவாவைச் சிக்கனமாகச் சுற்றிப் பார்ப்பதற்கான திட்டத்தை ஆல்டோ போட்டுக் கொடுத்தான். ஆல்டோ முட்டத்துக்காரன், கோபாரில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறவன். தம்மாம் விமான நிலையத்தைத் தாண்டி அவன் எங்கும் போனதில்லை. ஆனால் அவனிடம் டிக்கெட் எடுத்து ஊர் சுற்றிவிட்டு வருகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, எந்தப் பஸ், எங்கே குடிதண்ணீர், எந்தக் கடை எப்போது மூடும் என்று விசாரித்து ஒரு நோட்டில் எழுதி வைப்பான். ஐரோப்பாவில் பதினோரு ஊருக்கு அந்த நோட்டில் பக்கம் இருந்தது. ஜெனீவாவுக்குப் பத்துக் குறிப்புகள்.

குறிப்புகள் சரியாகவே இருந்தன. தெருவில் கல்தொட்டிகளில் ஓடும் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம் என்று எழுதியிருந்தான், குடித்தோம். சனி ஞாயிறில் ஒரு நாள் டிக்கெட் ஒன்றை வாங்கினால் இரண்டு பேர் போகலாம், பஸ்சுக்கும் டிராமுக்கும் ஏரியைக் குறுக்கே கடக்கிற சின்னப் படகுக்கும் அதுவே போதும் என்று எழுதியிருந்தான். சனிக்கிழமை அந்தப் படகில் நான்கு முறை அக்கரைக்குப் போய் வந்தோம். ‘சாயங்காலத்துக்குள்ள சாமான் வாங்கிரணும், ஞாயிறு எல்லாம் அடைப்பு’ என்பதை அடிக்கோடு போட்டிருந்தான். வெள்ளிக்கிழமை விடுமுறைக்குப் பழகிய எங்களுக்கு அந்த அடிக்கோடு தேவையாகத்தான் இருந்தது. விடுதியில் பொதுச் சமையலறை இருந்தது. கோபாரிலிருந்து கொண்டுபோன அரிசியும் ஊறுகாயும் போக, எலுமிச்சையும் முட்டையும் மட்டும் வாங்கினோம்.

நான் ஜெனீவாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஏரியில் இருக்கும் நீரூற்று. நூற்று நாற்பது மீட்டர் உயரத்துக்கு ஒற்றைத் தூணாகத் தண்ணீர் ஏறும். நொடிக்கு ஐந்நூறு லிட்டர். பழைய நகரத்துக்கு ஏறும் படிகளில் நின்று ஷாஜினிக்கு அதன் கதையைச் சொன்னேன். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் ஆற்றில் ஒரு பம்ப் ஹவுஸ் கட்டி, அழுத்தம் ஏற்றிய தண்ணீரைக் குழாய் வழியாக ஊருக்குள் அனுப்பியிருக்கிறார்கள். நகைப் பட்டறை, கடிகாரப் பட்டறை எல்லாம் அந்தத் தண்ணீரின் வேகத்தில்தான் இயந்திரம் ஓட்டின. சாயங்காலம் பட்டறைக்காரர்கள் குழாயை மூடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும், தண்ணீருக்குப் போக இடம் இருக்காது, குழாயில் அழுத்தம் ஏறும். எத்தனை பேர் எப்போது மூடுவார்கள் என்று பம்ப் ஓட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் ஒரு வால்வை வைத்து, மிஞ்சிய தண்ணீரை வானத்துக்கு விட்டார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது என்று பின்னால் அதை ஏரிக்கு மாற்றிவிட்டார்கள்.

“நாங்க டியூட்டியில தெனமும் பாக்கிற ரிலீஃப் வால்வுதான் இது. இஞ்ச அதுக்கு லைட்டு போட்டு, போஸ்ட்கார்டு அடிச்சு விக்கிதான்” என்றேன்.

“எங்க வார்டுல மூத்திரம் எடுக்கிற கத்தீட்டருக்கும் இதே கணக்குதான்” என்றாள் ஷாஜினி. “அத ஒருத்தனும் போஸ்ட்கார்டு அடிக்கல.”

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய நகரத்தின் உச்சியிலிருக்கும் பெரிய தேவாலயத்தில் ஆராதனைக்குப் போனோம். சிலையோ படமோ இல்லாத கல் கட்டடம், மர நாற்காலிகள். பாஷை புரியவில்லை, ஆனால் இரண்டாவது பாட்டின் ராகம் எங்கள் ஊரிலும் பாடுகிற ராகம். ஷாஜினி தமிழ் வார்த்தைகளை வைத்துத் தாழ்ந்த குரலில் பாடினாள். சவுதியில் சர்ச்சுக்கு அனுமதி கிடையாது. கோபாரில் வெள்ளிக்கிழமை ஒரு பிளாட்டில் ஜன்னலை மூடிக்கொண்டு பாடுவோம், வாசலில் செருப்புகூடக் கிடக்காது. சத்தமாகப் பாட வேண்டுமென்றால் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை பாலத்தைத் தாண்டி பஹ்ரைன் சர்ச்சுக்குப் போவோம். மூன்றாவது சரணத்தில்தான் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

ஆல்டோவின் பத்தாவது குறிப்பு பாக்கி இருந்தது. ‘பஸ் 8. கடைசி ஸ்டாப். பத்து நிமிஷம் நடை. ரோப்கார். மலை மேலிருந்து ஊரும் ஏரியும் முழுசாகத் தெரியும்.’ விடுதிக்குப் போய் எலுமிச்சைச் சாதத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பாஸ்போர்ட் இரண்டும் ஷாஜினியின் கைப்பையில் இருந்தன. இகாமா என்கிற சவுதி குடியிருப்பு அட்டை இல்லாமல் பால் வாங்கக்கூட வெளியே போகாத பழக்கம் எங்களுக்கு.

கடைசி நிறுத்தத்தில் எங்களோடு ஏழெட்டுப் பேரும் இரண்டு நாய்களும் இறங்கினார்கள். சாலையின் குறுக்கே ஒரு கூரை. அதற்குக் கீழே ஒரு கண்ணாடி அறை, அதில் ஜன்னல், உள்ளே ஆள் இல்லை, விளக்கும் இல்லை. கார்கள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நாய்களும் போயின.

“என்னது இது?” என்றாள் ஷாஜினி.

“டோல் கேட். ஞாயித்துக்கிழமைலா, அடைச்சிருப்பான்.”

“டோல் கேட்டுக்கும் லீவா? கொள்ளாம்.”

அந்தக் கூரைக்குக் கீழே அவளை நிற்க வைத்து நான் ஒரு போட்டோகூட எடுத்தேன். அப்பால் ஒரு நீலப் பலகை இருந்திருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு ஒரு கேரவன் வண்டி நின்றதால் எங்களுக்குத் தெரியவில்லை.

ரோப்கார் நிலையத்தில் நான்கு பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். என் கண் மேலே கம்பியில் இருந்தது. இரண்டு பெட்டிகள், ஒரே கம்பியின் இரண்டு முனைகள். ஒன்று இறங்கும்போது அதன் கனமே மற்றொன்றை மேலே இழுத்துக்கொள்ளும். மோட்டாருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுமப்பதுதான் வேலை. அதை ஷாஜினிக்குச் சொல்லத் திரும்பினேன். அவள் கட்டணப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இதுல யூரோ போட்டிருக்கு.”

“டூரிஸ்ட் வாற இடம். எல்லாப் பணமும் வாங்குவான்.”

“ஃபிராங்கு கீழ சின்னதாப் போட்டிருக்கு. சொந்தப் பணத்தை எவனாவது சின்னதாப் போடுவானா?”

எங்கள் முறை வந்தது. ஜன்னலுக்குள் ஒரு இளம்பெண். ஷாஜினி டிக்கெட் கேட்கவில்லை. இது எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தப் பெண் ஒருமுறை எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிரான்ஸ் என்று சொன்னாள்.

ஷாஜினி நர்சுகள் உடையில் குத்திக்கொள்ளும் தலைகீழ்க் கடிகாரத்தை எப்போதும் வைத்திருப்பாள். அதைத் திருப்பி மணி பார்த்தாள். வரிசையிலிருந்து விலகி ஒரு சுவர் ஓரமாக நின்றோம். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. எங்கே இறங்கினோம், யார் பார்த்தார்கள், எந்த இடத்தில் அந்த நாடு முடிந்தது? ஒரு முத்திரை இல்லை, ஒரு கேள்வி இல்லை. கீழே வந்த பெட்டியிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள், அடுத்த வரிசை ஏறியது.

“ஷாஜி, வந்தது வந்தாச்சு” என்றேன். “அஞ்சு நிமிஷம் நிண்ணாலும் தப்பு தப்புதான், ரெண்டு மணிக்கூர் நிண்ணாலும் அதே தப்புதான். மேல போய்ப் பாத்துட்டு எறங்கிருவோம்.”

“இல்ல. இம்புட்டு நேரமும் நிண்ணது தெரியாம நிண்ணது. இனி நிண்ணா தெரிஞ்சு நிக்கது.”

“எவன் கேக்கப் போறான்?”

“விசா ஃபாரம் கேக்கும்.”

திரும்பி நடந்தோம். பத்து நிமிஷ நடையை ஏழு நிமிஷத்தில் நடந்தோம். என் கவலை முழுவதும் அந்தக் கண்ணாடி அறையைப் பற்றியே இருந்தது. அதில் ஒரு ஆள் இருந்தால் விசாவைப் பார்ப்பான். ‘ஒன்று’ என்ற எண்ணைப் பார்ப்பான். உள்ளே விட மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அது நுழைவு மறுப்பு. மே மாதத்துக் கேள்விக்குப் பதில் அந்த நிமிஷமே மாறிவிடும். பிரான்சில் இருக்கவும் எங்களுக்கு விசா இல்லை. அப்புறம் எங்கே போய் நிற்பது என்பதே தெரியாது.

அறையில் ஆள் இல்லை. போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றேன். “நட, நட. யல்லா.”

ஷாஜினி நின்றுவிட்டாள். ஜன்னலுக்கு நேர் எதிரே, பாலத்தின் தீவில் எப்படி நிற்போமோ அப்படி, கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு.

“என்ன செய்யித?”

“ஆள் வரட்டும். சொல்லிட்டுப் போவோம்.”

“இஞ்ச ஆளே இல்ல, ஷாஜி.”

“ஜன்னல் இருக்குல்லா. ஜன்னல் இருந்தா ஆள் வரும்.”

இது அவளுடைய ஆஸ்பத்திரி வழக்கம். நர்சுகளுக்கு இன்சிடென்ட் ரிப்போர்ட் என்று ஒன்று உண்டு. ஒரு மருந்து தவறிப்போனால், நோயாளிக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், தவறு செய்தவரே அன்றைய ஷிஃப்ட் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு, எந்தப் படுக்கை, என்ன மருந்து, தெரிந்ததும் என்ன செய்தேன், இவ்வளவுதான். எழுதிக் கொடுத்தவரைப் பெரும்பாலும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். எழுதாமல் விட்டது பின்னால் வெளியே வந்தால் கலாஸ், கான்ட்ராக்ட் அன்றோடு முடிந்தது. தம்மாமுக்கு வந்த புதிதில் ஷாஜினி பத்தாம் படுக்கைக்காரரின் மாத்திரையைப் பதினோராம் படுக்கைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, தானே எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதே மாதம் அதே தவறை மறைத்த ஒரு பெண் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போனாள். ஆகவே தவறைவிட மறைப்பதுதான் ஆபத்து என்பது அவளுக்குத் தர்மோபதேசம் அல்ல, கண்ணால் பார்த்த கணக்கு.

“ஆஸ்பத்திரி வேற, இது வேற. இஞ்ச போய்ச் சொன்னா அவனே நம்மளத் திருப்பி விட்டுருவான். அப்ப என்ன செய்வ?”

“பொறவு யாராவது கண்டுபிடிச்சா?”

“எப்படிக் கண்டுபிடிப்பான்?”

“நீங்கதான் என்னய நிப்பாட்டி போட்டோ எடுத்தியளே.”

கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “பாலத்துல மூணு மணிக்கூர் நிக்கச்சுல என்ன பேச்சுப் பேசுவ. இஞ்ச ஆளில்லாத ஜன்னல்ல தானா கியூ நிக்குத” என்றேன்.

“நீங்களும்தான நிக்கிதிய. எனக்குப் பொறத்த.”

நாய்க்காரர்களில் ஒருவர் மலைப்பக்கமிருந்து திரும்பி வந்தார். எங்களைப் பார்த்து நின்று, அறையைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்து, இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். ஷாஜினி நன்றி சொன்னாள், நகரவில்லை. அவர் நாயிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். அங்கிருந்து ரோப்கார் தெரிந்தது. ஒரு பெட்டி ஏற, ஒரு பெட்டி இறங்க, நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டின. அதை ஐந்து முறை பார்த்தேன்.

ஐம்பது நிமிஷம் கழித்து ஒரு கார் வந்தது. சின்ன வாசல்களில் நாள் முழுக்க ஆள் வைக்க மாட்டார்களாம், ஒரே ரோந்து வண்டி பல வாசல்களைச் சுற்றி வருமாம். சீருடையில் இரண்டு பேர். ஓட்டிவந்த பெண் வண்டியிலேயே இருந்தாள், ஆண் இறங்கினார். ஜன்னலுக்கு முன்னால் பாஸ்போர்ட்டோடு ஒரு சுடிதார்ப் பெண் நிற்பதைப் பார்த்து அவர் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. முதலில் கேட்டது இறைச்சி வைத்திருக்கிறீர்களா என்று. அந்த வாசலில் அதுதான் முக்கியமான கேள்வி. பிரான்சில் இறைச்சி விலை குறைவு, அளவுக்கு மேல் வாங்கி வருகிறவர்களைப் பிடிப்பதுதான் அவர்களுக்கு வேலை. ஷாஜினி காலி டப்பாவைத் திறந்து காட்டினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பஸ், டோல் கேட் என்று நினைத்தது, யூரோ, திரும்பியது. வார்டில் டாக்டருக்கு நோயாளியின் நிலையைச் சொல்வதுபோல் வரிசையாக, மணிக்கணக்கோடு சொன்னாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் அவளுடைய பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாகப் பாலத்து முத்திரைகள்.

“இத்தனை முறை எங்கே போனீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“சர்ச்சுக்கு.”

“சர்ச்சுக்குப் போக நாட்டை விட்டு வெளியே போவீர்களா?”

“ஆமாம்.”

அவர் இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். ரேடியோவில் யாரிடமோ பேசினார். ஷாஜினி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அயர்லாந்து ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதத்தை நினைத்தேன். அது கேம்ப்பில் என் பெட்டியில், மகளின் பள்ளிக்கூட போட்டோவுக்குக் கீழே இருந்தது. பன்னிரண்டு நிமிஷம் ஆனது.

திரும்பி வந்தவர், “எங்கே நின்று காத்திருந்தீர்கள்?” என்றார். ஷாஜினி ஜன்னலுக்கு எதிரே இருந்த இடத்தைக் காட்டினாள். அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கமாக முப்பது அடி நடந்தார். சாலையோரப் புல்லில் முழங்கால் உயரத்தில் ஒரு கல் நின்றது. கோடு இங்கே ஓடுகிறது, அறை சுவிஸ் பக்கத்தில் இருக்கிறது என்றார். “நீங்கள் இவ்வளவு நேரமும் நின்றது சுவிட்சர்லாந்தில்.”

நாங்கள் கல்லைப் பார்த்தோம். இரண்டு முறை அதைத் தாண்டியிருக்கிறோம்.

“நீங்கள் வெளியே போனதை நான் பார்க்கவில்லை. உள்ளே வந்ததையும் பார்க்கவில்லை. நான் பார்த்தது, செல்லும் விசாவோடு சுவிட்சர்லாந்துக்குள் நின்றுகொண்டிருக்கும் இரண்டு பேரை. மேலதிகாரியும் அதைத்தான் சொல்கிறார்” என்று பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்தார்.

ஷாஜினி வாங்கிக்கொண்டு, “முத்திரை?” என்று கேட்டாள்.

“இந்த வாசலில் முத்திரையே கிடையாது.”

“ஒரு தாளில் எழுதியாவது தர முடியுமா?”

“எதை எழுதுவது?” என்றார் அவர். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, அடுத்தது நான்கு நிமிஷத்தில் வருகிறது என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை விமான நிலையத்தில் வெளியேறும் முத்திரையைப் போட்டவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆல்டோவின் அலுவலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். நடந்ததைக் கேட்டதிலிருந்து அவன் முகம் சரியில்லை. பத்தாவது குறிப்பைக் கொடுத்தது யார் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறான். ஒரு எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். தமிழர்தான், ஆனால் கனடா பாஸ்போர்ட். அவருக்கு எந்தப் பக்கம் போனாலும் விசா தேவையில்லை, ஆகவே எல்லையும் அவர் கண்ணில் படவில்லை. பஸ்ஸையும் நடையையும் சரியாகச் சொல்லியிருந்தார்.

“அக்கா, இதுல யோசிக்க ஒண்ணுமில்ல” என்றான் ஆல்டோ. “நுழைவு மறுத்தாங்களாண்ணு கேட்டிருக்கான். மறுக்கல. திருப்பி அனுப்பினாங்களாண்ணு கேட்டிருக்கான். அனுப்பல. இல்லண்ணு டிக் போடுங்க.”

ஷாஜினி ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். பிறகு கைப்பையிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்றை எடுத்து விண்ணப்பத்துக்குப் பின்னால் வைத்தாள்.

“இது என்னது?”

“ரிப்போர்ட்டு.”

ஆல்டோ வாசித்தான். நானும் அப்போதுதான் வாசித்தேன். தேதி. 1.20: எல்லை என அறியாமல் நடந்து கடந்தோம். 1.36: கட்டணப் பலகையில் சந்தேகம், கவுன்ட்டரில் விசாரித்து உறுதி செய்தேன். 1.51: திரும்பி வந்தோம். வெளியே இருந்த நேரம் 31 நிமிடம். ரோப்காரில் ஏறவில்லை. எதுவும் வாங்கவில்லை. 2.41: அதிகாரி வந்தார், நானே தெரிவித்தேன். 3.05: பாஸ்போர்ட் திருப்பித் தரப்பட்டது. உடனிருந்தவர்: கணவர் ஒருவர்.

“அக்கா, கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில்? அண்ணே, நீங்களாவது சொல்லுங்க.”

“நான் ஜெனீவாவுலயே சொல்லிப் பாத்தாச்சு, மக்கா” என்றேன்.

“நாளைக்கு மூணு பேரும் ஒரு வீட்டுல இருக்கச்சுல, இத நெனச்சுப் பயந்துகிட்டு இருக்க எனக்கு முடியாது” என்றாள் ஷாஜினி. “லே ஆல்டோ, ரெண்டு காப்பி இருக்கு. ஒண்ணுல ரிசீவ்டு சீல் வாங்காம வந்திராத, கேட்டியா.”

இது வளைகுடாவில் எல்லோரும் செய்வதுதான். எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் கொடுத்தாலும் நகலில் பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் காகிதமே மாஃபி, வரவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆல்டோ ரியாத்துக்குப் போய், தூதரகத்தில் கொடுத்து, வாங்கி வந்தான்.

அதற்கப்புறம் ஏழு வாரம். எந்த வெள்ளிக்கிழமையும் நாங்கள் அந்தத் தாளைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. ஜூலையில் விசா வந்தது. தாளைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, அதை யாராவது வாசித்தார்களா என்பதும் தெரியாது. செப்டம்பரில் ஷாஜினி போனாள், அடுத்த மார்ச்சில் நானும் மகளும் போனோம்.

நகல் இன்னும் அவளுடைய பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது. ஊதா நிற வட்ட முத்திரை, குறுக்கே தேதி. அந்த எல்லையைத் தாண்டியதற்கு எங்களுக்குக் கிடைத்த முத்திரை அது ஒன்றுதான்.

நான் கோபாரை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஆல்டோவின் நோட்டைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். பத்தாவது குறிப்பை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தான். ‘பஸ் 8. கடைசி ஸ்டாப். இந்திய பாஸ்போர்ட் என்றால் இறங்கி அங்கேயே நிற்கவும். உட்காரக் கல் இருக்கிறது. ரோப்கார் நன்றாகத் தெரியும்.’